இரண்டு ஒற்றைச் சக்கரங்கள்

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு என்றான் ஆமிர். சின்னதா, பெரியதா? இரண்டுக்கும் ஒரே விலை வைத்திருக்கிறான். அதனால் விலையைக் கொண்டு முடிவெடுக்க வழியில்லை. நான் எடுத்தது போக மிச்சத்தை அவன் வைத்துக்கொள்வான்.

ஆமிர் என்னோடு வில்லியனூரில் மாலை வகுப்பில் படிக்கிறான். மின்சார வண்டிகளைப் பழுது பார்க்கும் ஆறு மாத வகுப்பு. அவனுடைய அத்தா பக்கீர் முகமது அங்கேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுச் சாமான்களை மொத்தமாக அவர்கள் கடையில் போட்டுவிட்டுப் போனார். அதில் இந்த இரண்டும் இருந்தன.

ஒரே ஒரு சக்கரம். அதன் இரு பக்கமும் கால் வைக்க மடக்குப் பலகைகள். சீட் கிடையாது, கைப்பிடி கிடையாது. சக்கரத்தின் மேல் ஒரு கூடு, அதற்குள் பேட்டரியும் சர்க்யூட்டும். முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். முதல் தடவை ஆமிர் ஓட்டிக் காட்டியபோது, நின்றுகொண்டிருக்கும் ஆளைத் தரை மட்டும் இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது.

திங்கட்கிழமை மதியம், பாகூரில் நான் வேலை செய்யும் மோட்டார் காயில் கட்டும் கடையில், சாப்பிட்ட பிறகு நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தின் நடுவில் கோடு போட்டேன்.

சின்னது: பதினாலு அங்குல டயர், பதிமூன்று கிலோ. ஒரு சார்ஜுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, பதினைந்து வரும் என்கிறான் ஆமிர். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஏறலாம்.

பெரியது: பதினெட்டு அங்குலம், இருபத்தாறு கிலோ. எழுபது என்று போட்டிருக்கிறது, ஐம்பது வரும். ஸ்பிரிங் உண்டு. பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் இறக்கிவிடுவார்.

இதற்குக் கீழே எழுதப் போனபோது கையில் ஒன்றும் வரவில்லை. எது நல்லது என்று கேட்டால், எதற்கு என்று முதலில் எழுத வேண்டும். எதற்கு என்று எழுதினால் பிப்ரவரி ஒன்பதாம் தேதியை எழுத வேண்டும். மூன்று மாதமாக இந்த நோட்டில் பஸ் நேரமும் வகுப்புக் குறிப்பும் மட்டும்தான் இருக்கின்றன. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீடு செலியமேட்டில். அரைக்காணி குத்தகை நிலம். தை அறுவடை முடிந்து நெல்லைத் தார்ரோட்டின் ஒரு பாதியில் காயப் போட்டிருந்தோம். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். வண்டிகள் நெல்மேல் ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வரிசை வைப்பது வழக்கம். அந்த வேலை என்னுடையது. இடித்துப் போட்ட குளியலறைச் சுவரின் கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய், இரண்டு அடிக்கு ஒன்றாக இருபத்திரண்டு கல் வைத்தேன். சாயங்காலம் நெல்லை வாரி மூட்டை கட்டினோம். கற்களைப் பொறுக்கினேன். இருபத்தொன்று இருந்தது. மிச்சம் ஒன்று கொஞ்சம் தள்ளி ரோட்டில் உருண்டு கிடந்தது. அதைப் பார்த்தேன். கடைசி மூட்டை தோளில் இருந்தது. அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, "வாடா, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

அதன்பிறகு நானும் அப்பாவும் சாக்கு வாங்க மொபெட்டில் பாகூர் போனோம். திரும்பும்போது நான் ஓட்டினேன். எதிரே கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் விளக்கைத் தாழ்த்தாமல் வந்தது. இடது பக்கம் ஒதுங்கினேன். முப்பத்தைந்தில் வந்திருப்பேன், நாற்பது இருக்காது. முன்சக்கரம் கல்மேல் ஏறியது. நான் பக்கவாட்டில் சரிந்தேன், முழங்கை தேய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா மல்லாந்து விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கண்ணையன், வயது ஐம்பத்திரண்டு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நான் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அடுத்த நாள் அந்த இடத்துக்குப் போனபோது கல் அங்கே இல்லை.

ரோட்டில் எவனோ கல்லை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஊர் பேசியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று எங்களுக்குப் பக்கத்தில் செல்லக்கண்ணு மாமாவும் நெல் காயப் போட்டிருந்தார். அம்மா அவர்தான் என்று முடிவு செய்துவிட்டாள். அப்பாவைத் தன் மினி லாரியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவரும் அவர்தான். குற்றம் உறுத்தித்தான் ஓடி வந்தான் என்கிறாள் அம்மா. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவர் வீட்டு வாசலுக்கு எதிரே போய் நிற்கிறாள். ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றி, கல்லைப் போட்டவன் குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று சாபம் விடுகிறாள். இருபது தடவைக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சாபம் யார்மேல் விழுகிறது என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்த மறுநாள் என்னைத் திரௌபதியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சூடத்தைக் கொளுத்தி, அணை என்றாள். இனி இரண்டு சக்கர வண்டியில் ஏற மாட்டேன், ஓட்டவும் மாட்டேன், பின்னால் உட்காரவும் மாட்டேன் என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன். சுட்டது. ஆனாலும் கையை எடுக்கத் தோன்றவில்லை. அம்மாதான் எடுத்துவிட்டாள்.

அன்று முதல் பஸ்ஸும் நடையும். காலையில் பாகூர் வரை நடை, மாலை ஐந்து பத்துக்கு வில்லியனூர் பஸ், ஆறு முதல் எட்டு வரை வகுப்பு, எட்டு பத்துக்குக் கடைசி பாகூர் பஸ், பிறகு வீட்டுக்கு நடை. இதுவரை சமாளித்துவிட்டேன். அடுத்த திங்கள் முதல் பயிற்சி வகுப்பு எட்டரைக்குத்தான் முடியும். கடைசி பஸ் போய்விடும். அதற்குப் பிறகு வரும் பஸ் பாதி வழியில், கரிக்கலாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அப்பா காரியத்துக்காக எடுத்த நாட்கள் போக எனக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு மிச்சம். அதைத் தாண்டினால் சான்றிதழ் கிடையாது.

இதுதான் எதற்கு என்பதற்கான பதில். எழுதி முடித்ததும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். லேசாகவில்லை, கனக்கவும் இல்லை. மூன்று மணிக்கு ஒரு நீர்மூழ்கி மோட்டார் வந்தது, பிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கையில் மண் இருந்ததோ என்னவோ, முதலில் கையைக் கழுவினாள். நான் போனில் படத்தைக் காட்டினேன்.

"ஒத்தச் சக்கரமா? இன்னாடா சொல்ற? சர்க்கஸ்காரன் ஓட்டுவானே, அதுவா?"

"அதுக்கு பெடல் இருக்கும்மா. இது கரண்டு."

"புடிச்சிக்கறதுக்கு?"

"ஒண்ணும் கெடையாது."

"அப்ப கைய இன்னா பண்ணுவ? கும்புட்டுக்கினே போவியா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அப்பா இருந்தபோது பேசிய மாதிரி இருந்தது. நான் சத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் தவிட்டைக் கலக்கிக்கொண்டே யோசித்தாள்.

"ரெண்டு சக்கரம்னுதான் சொன்னேன். ஒண்ணுக்குச் சொல்லல. ஆத்தா கணக்கு பாத்தா பாத்துக்கட்டும். படிப்பு நிக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லிக்கினே இருந்தாரு."

"ரெண்டு இருக்குது. சின்னது ஒண்ணு, பெரிசு ஒண்ணு. அதான் எதுன்னு தெரியல."

"ரோட்ல கல்லு கெடந்தா எது வுழாது?"

"பாக்கணும்."

"அத்த எடு. மத்தது எல்லாம் எனக்கு இன்னா தெரியும்? செல்லக்கண்ணு மாதிரி எவனாவது கல்லப் போட்டுட்டுப் போவான். ஒரு தபா உங்கப்பாவக் குடுத்தாச்சி. இன்னொரு தபா என்னால ஆவாது."

நோட்டில் இன்னொரு வரி சேர்த்தேன்: கல். அதற்கு நேராக இரண்டு பக்கமும் காலியாக இருந்தது.

புதன்கிழமை கடையில் அனுமதி கேட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து வில்லியனூர் போனேன். ஆமிரின் கடைக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டை இறக்கும் முற்றம் இருக்கிறது. முதலில் வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி பேட்டரியைப் பார்த்தோம். சின்னதில் முழு சார்ஜில் அறுபத்தேழு புள்ளி இரண்டு வோல்ட் காட்ட வேண்டும், அறுபத்தாறு புள்ளி ஒன்று காட்டியது. பெரியதில் எண்பத்து நான்கு, எண்பத்து மூன்று புள்ளி ஆறு காட்டியது. மீட்டர் முனையைச் சரியாக வைத்தேனா என்ற சந்தேகத்தில் மூன்று முறை அளந்தேன்.

"மச்சி, அது ஜுரம் அடிக்கிற புள்ள இல்லடா. எத்தினி வாட்டி பாப்ப?" என்றான் ஆமிர்.

ஆமிரின் தங்கை ஜெஸிமா கல்லூரியிலிருந்து வந்து பின்வாசற்படியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். "ராஜ்மோகன் அண்ணா, எங்கண்ணன் சொல்றதக் கேட்டு வாங்கிடாதீங்க. இது கத்துக்கறதுக்குள்ள மூணு ஜீன்ஸ் முட்டி கிழிஞ்சுது. அம்மா ஒட்டுப் போட்டுப் போட்டு இப்ப அவன் ஜீன்ஸ் எல்லாம் சாக்கு மாதிரி ஆயிடுச்சு."

"நீ உள்ள போடி."

"ஏன், வுழறத வேற யாராவது பாக்கணுமில்ல?"

நான் கல் சோதனை செய்ய வேண்டும் என்றேன். ஆமிர் எதற்கென்று கேட்கவில்லை. வகுப்பில் எல்லாவற்றையும் நான் இப்படித்தான் செய்வேன் என்று அவனுக்குத் தெரியும். கட்டட வேலையில் மிச்சமான அரைச் செங்கற்கள் சுவரோரம் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். ஒன்றின் மேல் ஏற்றிப் பார்த்தால் போதாது, தொடர்ச்சியாக வந்தால் எப்படி என்றும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வைத்துக்கொண்டே போனேன்.

"இன்னாண்ணா, நெல்லு காயப் போடப் போறீங்களா?" என்றாள் ஜெஸிமா.

நிமிர்ந்து பார்த்தேன். கற்கள் நேர்கோட்டில் இருந்தன. இரண்டு அடிக்கு ஒன்று. அளக்காமலே அப்படி வந்திருந்தது. ஒன்பது வைத்திருந்தேன், பத்தாவது கையில் இருந்தது. அவள் தமாஷுக்குத்தான் சொன்னாள், பழத்தைக் கடித்துக்கொண்டே.

கையிலிருந்ததைக் கீழே வைக்கச் சிறிது நேரம் ஆனது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆமிர் வந்து வாங்கிக்கொண்டான். "போதும்டா. ஒண்ணு இருந்தா பத்தாதா வுழறதுக்கு?"

அவனே ஓட்டினான். சின்னது செங்கல்லில் முட்டியதும் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அவன் பலகையிலிருந்து முன்னால் குதித்து நாலு எட்டு ஓடி நின்றான். மூன்று முறை, மூன்று முறையும் அதேதான். பெரியது முழங்கால் மடக்கி ஏறி இறங்குவதுபோலச் செங்கல்லின் மேல் ஏறி இறங்கியது. ஐந்து முறையில் ஐந்து. ஒருமுறை கல் உடைந்தது.

காலியாக இருந்த இடத்தில் எழுதினேன். சின்னது: விழும். பெரியது: விழாது. பிறகு 'விழாது' என்பதை அடித்துவிட்டு, 'இந்த வேகத்தில், பகலில், ஓட்டத் தெரிந்தவர் ஓட்டினால் விழவில்லை' என்று எழுதினேன்.

"அப்ப பெரிசுதான?" என்றான் ஆமிர்.

"பெரிசுன்னா பஸ்ல ஏத்த முடியாது. மொத்த தூரமும் ரோட்டுலயே வரணும்."

"ஐம்பது கிலோமீட்டர் ஓடும்டா. வந்துட்டுப் போய் மறுபடி வரலாம்."

தூரம் எனக்குப் பிரச்சினை இல்லை. அப்பா விழுந்த இடத்தைக் கடக்கக் கூடாதென்று நான் தினமும் வாய்க்கால் கரையாகச் சுற்றி நடக்கிறேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. சேற்றுக் கரையில் பெரியது ஓடாது, தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. இதையும் நோட்டில் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை. தெருவில் யாரோ நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. இப்போது நவரை அறுவடை, ரோடு மறுபடியும் நெல்லாக இருக்கிறது. அம்மா செவ்வாய்க்கிழமை மாதிரியே தவிட்டுத் தொட்டியின் முன் குந்தியிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். முதலில் எதைச் சொல்வது என்று வரிசை போட்டு வைத்திருந்தேன். வண்டி, பிறகு சோதனை, பிறகு மற்றது.

"பெரிசு கல்லு மேல ஏறி எறங்குதும்மா. அஞ்சு தபா பாத்தோம்."

"அப்ப அத்த எடு. நாளைக்கு வெள்ளிக்கெழம, நல்ல நாளு. அவன் வாசல்ல போய் ஒரு புடி மண்ணு வாரிப் போட்டுட்டு வந்து..."

"அந்தக் கல்லு நம்புளுதும்மா."

"எந்தக் கல்லு?"

"அன்னிக்கு ரோட்டுல கெடந்தது. செல்லக்கண்ணு மாமா வச்சது இல்ல. நான் வச்சது. நான் வுட்டுட்டு வந்தது."

அவள் கை தவிட்டுத் தண்ணீரில் இன்னும் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு நின்றது. மாடு தலையை நீட்டி அவள் தோளை இடித்தது. அவள் தள்ளவில்லை.

"எத்தினி வச்ச?"

"இருவத்திரெண்டு."

"எத்தினி எடுத்த?"

"இருவத்தொண்ணு."

"எண்ணத் தெரிஞ்சிது இல்ல?"

நான் ஆமாம் என்றேன். அப்பா கூப்பிட்டார், நாளைக்கு எடுத்துக்கலாம் என்று அவர்தான் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் பாதி அவர்மேல் போகும். சொல்லாமல் இருந்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

அம்மா எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மாட்டுக்குத் தொட்டியை நகர்த்தி வைத்தாள். என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். அழுகைச் சத்தம் வரும் என்று வாசலில் காத்திருந்தேன். வரவில்லை. பருப்பு தாளிக்கும் சத்தம்தான் வந்தது. எனக்குச் சோறு போட்டு வைத்துத் தட்டால் மூடியிருந்தாள், ஆனால் கூப்பிடவில்லை. சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்று வேலைக்குப் போனேன், வகுப்புக்கும் போனேன். எந்த மாடல் என்று ஆமிர் கேட்டபோது நாளை என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "வா" என்றாள். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் சொல். நான் பின்னால் போனேன். வழக்கமாக மண் வாரும் இடத்தில் அவள் குனியவில்லை. நேராகச் செல்லக்கண்ணு மாமா வீட்டு வாசலுக்கே போனாள்.

மாமா மினி லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார், மண் விழப்போகிறது என்பதுபோல. அவர் மனைவி தையலம்மாள் துடைப்பத்தோடு வெளியே வந்தார்.

"வந்துட்டியாக்கா? நேரம் தவறாம வந்துடற. இன்னிக்கி எந்தப் புள்ள பேரச் சொல்லி மண்ணு?"

அம்மா நின்றாள். "கல்லு ஒன்னுது இல்ல செல்லக்கண்ணு. இவன் வச்சது. நேத்துதான் சொன்னான்."

செல்லக்கண்ணு மாமா என்னைப் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார். "எனக்குத் தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். அண்ணன வண்டில ஏத்தச் சொல்லோ டார்ச்ச அடிச்சேன். சுண்ணாம்பு அடிச்ச கல்லு. உங்க குளிக்கிற வூட்டுச் சுவுத்துக் கல்லு. என் கல்லு எல்லாம் செங்கல்லாச்சே. இருட்டுல எவன் வந்து மோதுவானோன்னு, தூக்கி வாய்க்கால்ல போட்டேன்."

"ஏன் சொல்லல?" அம்மாவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எப்பிடிக்கா சொல்றது? இந்தப் பையன் ரோட்ல அண்ணன் தலைய மடியில வச்சிக்கினு ஒக்காந்திருக்கான். கல்லப் பாக்கறான், என்னப் பாக்கறான். இவனே சொல்லுவான்னு இருந்தேன்."

நான் கல்லைப் பார்த்ததாக எனக்கு நினைவு இல்லை. அவரைப் பார்த்ததாகவும் நினைவு இல்லை. ஆனால் அவர் பொய் சொல்ல மாட்டார்.

தையலம்மாள் துடைப்பத்தைச் சுவரில் அடித்தார். "தெரிஞ்சுக்கினா மூணு மாசம் மண்ணு வாங்கின? என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாய்யா? வயித்துல நெருப்பக் கட்டிக்கினு, சின்னதுக்கு ஜுரம் வந்தாக்கூட இந்த அக்கா சாபமோன்னு பயந்து செத்தேன். பெரிய மனுஷன் ஆயிட்டாரு இவரு. நீயும்தான்டா தம்பி, வாய் இன்னா தச்சா வச்சிருந்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அம்மா கையைக் கூப்பினாள், தையலம்மாளைப் பார்த்து. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவுக்குப் பக்கத்தில், கையில் கொடுக்காமல், லாரியின் பலகைமேல் வைத்தார். "தொண்ட காஞ்சி நிக்காத. குடி" என்றார். அம்மா குடித்தாள்.

திரும்பும்போது நான் அவளுக்கு நாலு அடி பின்னால் நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது. கடையிலிருந்து ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஆமிருக்குப் போன் செய்யவில்லை. போனில் அவன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பெரியது என்று சொல்லலாமா, எதுவும் வேண்டாம் என்று சொல்லலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் எனக்கு ஒரே மாதிரித்தான் இருந்தது.

ஐந்தரைக்குத் தெருமுனையில் கூச்சல் கேட்டது. ஆமிர் பெரியதன்மேல் நின்றுகொண்டு வந்தான். தலையில் ஹெல்மெட், முட்டியில் பட்டை, தோளில் சார்ஜர் பை. பின்னால் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். ஒரு கிழவர் சாமி வருகிறதென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். காயப் போட்டிருந்த நெல்லை ஒட்டி, கல் வரிசையை விட்டு விலகி, மெதுவாக வந்து எங்கள் வாசலில் இறங்கினான்.

"போன் பண்ணுவன்னு பாத்தேன். பண்ணல. நீ முடிவு எடுக்கறதுக்குள்ள சர்டிபிகேட்டு வந்துடும், அதான் ஓட்டிக்கினே வந்துட்டேன். பேட்டரி கால்வாசிதான் எறங்கிருக்கு மச்சி. எழுதிக்க."

அம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். அவன் வணக்கம் சொன்னான். அவள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். டயரைக் காலால் தொட்டுப் பார்த்தாள். மேல்கூட்டின் தட்டையான பாகத்தில் கையை வைத்தாள்.

"தம்பி, இதுல பின்னாடி ஆளு ஏற முடியுமா?"

"முடியாதும்மா. ஒருத்தர் நிக்கறதுக்கே எடம் பத்தல. ரெண்டு பேரு ஏறினா ரெண்டு பேரும் அவுட்டு."

"ஒரு அவசரம்னா?"

"அவசரம்னாலும் முடியாது. வேற வண்டி பாக்கணும்."

அம்மா கையை எடுத்தாள். நேற்றுக் காலைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். கோபமா என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப இதே இருக்கட்டும்" என்றாள் ஆமிரிடம். "இதையே வுட்டுட்டுப் போ."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு மூன்று காரணங்களை நோட்டில் எழுதினேன். என் பின்னால் இனி யாரும் உட்கார்ந்து சாகக் கூடாது என்பது ஒன்று. நான் தனியாகத்தான் போக வேண்டும் என்பது ஒன்று. மூன்றாவதை எழுதும்போதே நம்பிக்கை இல்லை. மூன்றையும் அடித்துவிட்டேன். எனக்கு இதில் பின்சீட் இல்லை என்பது முதல் நாளே தெரியும். இரண்டு மாடல்களுக்கும் பொதுவான விஷயம் என்பதால் அட்டவணையில் சேர்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆமிர் எனக்கு ஏறக் கற்றுக்கொடுத்தான். வாசலில் இருக்கும் சிமெண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பலகையில் வைக்க வேண்டும், பிறகு அடுத்ததை. எட்டு முறை இறங்கினேன். இரண்டு முறை விழுந்தேன். முழங்கையில் பழைய இடத்திலேயே தேய்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"பத்து நாளாவது ஆவும்" என்றான் ஆமிர். "திங்கக்கெழமைக்குள்ள ரோட்ல போற மாதிரி ஆவாது. அதுவரைக்கும் இன்னா பண்ணுவ? லீவும் ஒண்ணுதான இருக்குது?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. டயர் அளவு, வோல்ட், செங்கல் எல்லாம் எழுதியிருக்கிறேன். கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்று ஒரு வரி எழுதவில்லை. கம்பத்தைப் பிடித்தபடியே நின்றேன்.

வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"திங்கக்கெழமையிலேர்ந்து செல்லக்கண்ணு கரிக்கலாம்பாக்கத்துல வந்து நிப்பான். காய்கறி லோடு எறக்கிட்டு ராத்திரி பஸ்ஸு வர்ற நேரத்துக்குத்தான் திரும்புவானாம். இவன் கத்துக்கற வரைக்கும் ஏத்திக்கினு வந்து வுடறேன்னான்."

"நீ கேட்டியாம்மா?"

"பின்ன யாரு கேக்கறது, நீயா?" கீரைத் தண்டை ஒடித்துக் கூடையில் போட்டாள். "முன்னாடி ஒக்காரு. தூங்கி வழியாத. அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கினே வா."